பம்பரத்தின் இரண்டு பகரங்கள்

2025 ஜனவரி 11, சனிக்கிழமை

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்திலுள்ள குடியிருப்பாளர் குழு அறையில் இன்று ஆங்கில ஒலிப்பு வகுப்பைத் தொடங்கினேன். இம்மாதம்தான் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த ஆறு பிள்ளைகள் வந்தார்கள். அவர்களில் நால்வரின் குடும்பங்கள் தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்து ஓரிரு ஆண்டுகளே ஆகின்றன. தாய்மொழிப் பாடம் தவிர மற்றவை பெரும்பாலும் இந்நாட்டில் ஆங்கிலத்திலேயே நடப்பதால், எழுத்துக்கூட்டி வாசிப்பதில் தடுமாறும் பிள்ளை கணக்கிலும் தடுமாறும் என்ற கவலை பெற்றோர் எல்லாருக்கும் இருக்கிறது.

தமிழில் எழுத்தின் பெயரே பெரும்பாலும் அதன் ஒலியாகவும் இருக்கிறது. ஆங்கிலத்திலோ 26 எழுத்துகளைக் கொண்டு ஏறக்குறைய 44 ஒலிகளை எழுத வேண்டியிருக்கிறது. எழுத்தின் பெயரும் ஒலியும் வெவ்வேறு. கடையில் வாங்கிய படஅட்டைகளை நம்பி இன்று தொடங்கினேன். குண்டூசியைக் (pin) காட்டினாலும் குப்பைத்தொட்டியைக் (bin) காட்டினாலும் ஒரு சிறுவன் ஒரே மாதிரி 'பின்' என்றான். இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன்: இரண்டு சொற்களையும் தமிழில் எழுதினால் நானும் 'பின்' என்றே எழுத வேண்டியிருக்கிறது. அவன் காது எங்கே பழகியது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஜனவரி 18, சனிக்கிழமை

உணவங்காடி நிலையத்தில் இடம்பிடிக்க மேசைமேல் வைத்துவிட்டுப் போவோமே, அதே டிஷ்யூ பொட்டலம் இன்று பாடக்கருவியாயிற்று. ஒரு தாளை நீளவாக்கில் கிழித்து, உதட்டுக்கு நான்கு விரற்கடை முன்னால் தொங்கவிட்டுப் பிடிக்கச் சொன்னேன். குண்டூசியின் பெயரைச் சொல்லும்போது உதடு திறந்ததும் காற்று பீறிட்டுத் தாள் அசைய வேண்டும். குப்பைத்தொட்டியின் பெயருக்கு அது ஏறத்தாழ அசையாமல் தொங்க வேண்டும். அந்தச் சிறுவன் எத்தனை முறை சொன்னாலும் தாள் அசையவில்லை. நம் 'பல்', 'பழம்' முதலிய சொற்களில் வரும் பகரத்துக்கு அந்தக் காற்று இல்லை. அவன் தமிழ்ப் பகரத்தைச் சரியாகவே சொல்லிக்கொண்டிருந்தான். மெழுகுவத்தியை அணைப்பதுபோல் ஊதிக்கொண்டே சொல் என்றதும் தாள் மேலெழுந்தது. ஒரு நொடி தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபடியும் மறுபடியும் செய்தான்.

ஜனவரி 25, சனிக்கிழமை

அடுத்த புதன்கிழமை சீனப் புத்தாண்டு என்பதால் மூவர் மட்டுமே வந்தார்கள். கப்பலுக்கான 'ஷிப்', செம்மறியாட்டுக்கான 'ஷீப்' ஆகிய இரண்டையும் எடுத்துக்கொண்டேன். செம்மறியாட்டுப் படத்தைக் காட்டியதும் ஒரு சிறுமி 'கோட்' என்றாள். அது வெள்ளாட்டுக்குரிய சொல் என்று திருத்த வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். படத்தைப் பார்த்ததும் அவள் மனத்தில் 'ஆடு' என்று எழுந்திருக்கிறது. நமக்குச் செம்மறியும் வெள்ளாடும் ஆடுதானே! படம் அவளைப் பொருளிடம் அழைத்துச் சென்றதே தவிர, அட்டையில் இருந்த எழுத்துகளை அவள் பார்க்கவே இல்லை. இனிமேல் படம் அட்டையின் பின்பக்கத்தில் மட்டுமே இருக்கும். முதலில் எழுத்து, பிறகு ஒலி, அதன்பிறகே அட்டையைத் திருப்பிச் சரிபார்ப்பது என்று மாற்றிவிட்டேன்.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்பதை இவர்கள் தமிழ் வகுப்பில் எப்படியும் படிக்கத்தான் போகிறார்கள். கண்ணிமைக்கும் பொழுதையும் கைநொடிக்கும் பொழுதையும் நம் இலக்கண நூலோர் அளவாகச் சொன்னார்கள் அல்லவா? அதையே கையில் எடுத்து, கப்பலுக்கு ஒரு நொடிப்பும் ஆட்டுக்கு இரண்டு நொடிப்புமாக விரலைச் சொடுக்கிச் சொல்லவைத்தேன். நீளம் உடனே வந்துவிட்டது. ஆனால் இவ்விரண்டு ஒலிகளுக்கும் வேறுபாடு நீளத்தில் மட்டும் இல்லை. ஆட்டுக்கு உதடுகள் புன்னகைபோல் விரிய வேண்டும். கப்பலுக்கு நாவும் உதடும் தளர்ந்திருக்க வேண்டும். அடுத்த வகுப்புக்கு ஆளுக்கொரு கைக்கண்ணாடி வேண்டும்.

பிப்ரவரி 8, சனிக்கிழமை

கண்ணாடிகள் பயன்பட்டன. பிள்ளைகள் தங்கள் வாயைத் தாங்களே பார்ப்பதற்கு ஈடான படம் எதையும் என்னால் வரைய முடியாது.

இன்றைய வகுப்பின் பெரும்பகுதி வேறொன்றில் கழிந்தது. ஒருவன் பக்கத்திலிருந்தவளிடம் பென்சில் கேட்க, 'லெண்ட் மீ' (எனக்கு இரவல் கொடு) என்பதற்குப் பதிலாக 'பாரோ மீ' என்றான். இங்கே பெரியவர்களும் பேச்சில் இப்படிச் சொல்வதால் அவனைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஆனால் கட்டுரையில் எழுதினால் மதிப்பெண் போய்விடும். 'பாரோ', 'லெண்ட்' இரண்டுக்கும் இரண்டு படங்கள் வரைந்து கொண்டுவந்திருந்தேன். பலகையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியபிறகுதான் என் பிழை தெரிந்தது. இரண்டு படங்களிலும் பென்சில் சிறுமியின் கையிலிருந்து சிறுவனின் கைக்கே போகிறது; அம்புக்குறியும் ஒரே திசையில்தான் இருக்கிறது. குழப்பத்தைத் தீர்க்க வந்த படங்களே ஒன்றுக்கொன்று நகலாக நின்றன.

படங்களை எடுத்துவிட்டு, "இந்தப் பென்சில் எப்படிக் கிடைத்தது என்று அம்மா கேட்டால் தமிழில் எப்படிச் சொல்வாய்?" என்று கேட்டேன். "அவகிட்ட இரவல் வாங்கினேன்னு சொல்லுவேன் டீச்சர்," என்றான். அவள், "நான் இரவல் கொடுத்தேன்," என்றாள். வாங்குபவனுக்கு ஒரு வினை, கொடுப்பவளுக்கு ஒரு வினை. இந்த வேறுபாடு அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. ஒரே படத்தை வைத்துக்கொண்டு, செயலைச் செய்பவருக்கு மட்டும் வண்ணம் தீட்டினோம். சிறுவன் சிவப்பானால் 'பாரோ', சிறுமி சிவப்பானால் 'லெண்ட்'. இரண்டையும் ஒரே நாளில் கற்பித்தது தவறோ என்ற ஐயம் மட்டும் இருக்கிறது. குழம்பும் இணைச்சொற்களைச் சேர்த்தே அறிமுகப்படுத்தினால் அவை மனத்தில் ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கும் என்பது ஆசிரியர்கள் பலரும் கண்ட அனுபவம். ஒன்றை நன்றாக ஊன்றிவிட்டு, சில வாரங்கள் கழித்து மற்றதைக் கொண்டுவர வேண்டும்.

பிப்ரவரி 15, சனிக்கிழமை

அப்படியே செய்தேன். இனிப்புக்கான 'டெசர்ட்' (dessert) மட்டும். ஒற்றை 'எஸ்' கொண்ட பாலைவனம் (desert) அடுத்த மாதம் வரும். ஐஸ் கச்சாங் (துருவிய பனிக்கட்டி இனிப்பு) படத்தில் இரண்டு கரண்டிகள் வரைந்து, கரண்டிக்கு ஒன்றாக இரண்டு 'எஸ்' எழுதினார்கள். பத்து நிமிடத்தில் முடிந்தது.

மார்ச் 1, சனிக்கிழமை

தைப்பூசத்தன்று செராங்கூன் சாலையில் வாங்கிய மரப் பம்பரத்தை, முதல் நாள் 'பின்' என்று சொன்ன சிறுவன் இன்று கொண்டுவந்திருந்தான். வகுப்பு தொடங்குமுன் டிஷ்யூ கீற்றை எடுத்து உதட்டின்முன் பிடித்துக்கொண்டு, தானாகவே "பம்பரம், பம்பரம்" என்று சொல்லிப் பார்த்தான். பிறகு என்னிடம் வந்து, "டீச்சர், இதுல ரெண்டு 'ப' இருக்கு, ஆனா ரெண்டும் வேற வேற சத்தம்," என்றான்.

உண்மைதான். சொல்லின் முதலில் வரும் பகரம் வல்லோசை. மகரமெய்யை அடுத்து வருவது தொண்டை அதிரும் மெல்லிய ஓசை. குப்பைத்தொட்டியின் முதல் ஒலி பம்பரத்தின் நடுவிலேயே இருந்திருக்கிறது. தமிழில் இடம் பார்த்து ஒலி தானே மாறிவிடுவதால் ஓர் எழுத்தே போதுமானதாக இருக்கிறது; ஆங்கிலத்தில் இரண்டும் சொல்லின் முதலிலேயே வந்து பொருளை மாற்றுவதால் இரண்டு எழுத்துகள் தேவைப்படுகின்றன. இத்தனை வாரங்கள் ஊதவும் சொடுக்கவும் வைத்த எனக்கு இது தோன்றவில்லை.

பலகையில் பம்பரம் ஒன்றைப் பெரிதாக வரைந்து, கீழே சொல்லை எழுதினேன். முதல் பகரத்துக்கு அவன் நீலமும் இரண்டாவதற்குச் சிவப்பும் தீட்டினான். பின்னர் ஆங்கில அட்டைகளைப் பரப்பிவைத்து, ஒவ்வொன்றின் முதலெழுத்தும் நீலமா சிவப்பா என்று மற்ற ஐவரிடமும் அவனே கேட்கத் தொடங்கினான்.