மரித்து, அடக்கம்பண்ணப்பட்டார்

ஏப்ரல் 13, 2025. குருத்தோலை ஞாயிறு

காலை ஆராதனையில், எங்கள் விசுவாசத்தைச் சுருக்கிச் சொல்லும் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். "சிலுவையில் அறையுண்டு, மரித்து, அடக்கம்பண்ணப்பட்டார்." சபையார் மேலே போய்விட்டார்கள். எனக்கு மட்டும் வாய் எழவில்லை. சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை சொன்ன வரிதான். அப்பாவை மண்ணில் வைத்து ஏழு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு அந்த வரி வேறு மாதிரி கேட்கிறது.

வீட்டுக்கு வந்ததும் பிரமாணத்தை மறுபடி வாசித்தேன். இயேசு பிறந்தார் என்று சொன்னதும் நேரே பாடுபட்டார் என்று தாண்டிவிடுகிறது. மலைப்பிரசங்கம் இல்லை, அற்புதங்கள் இல்லை, உவமைகள் இல்லை. அவ்வளவையும் விட்ட பிரமாணம் அடக்கத்தை விடவில்லை. அப்போஸ்தலன் பவுலும் கொரிந்து சபையாருக்கு எழுதும்போது அதை விடவில்லை. மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், எழுந்தார் என்று மூன்றையும் வரிசையாக வைக்கிறார். மரித்தார் என்றாலே விளங்காதா? இந்த வாரம் முழுக்க இந்த ஒரு சொல்லோடு இருக்கப் போகிறேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

சிலுவை என்ற சொல்லே ரோமக் குடிமகனின் நினைவுக்கும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாமல் இருக்க வேண்டும் என்று ரோமப் பேச்சாளர் சிசரோ ஒரு வழக்கில் பேசியிருக்கிறார். நாம் கழுத்தில் போட்டிருக்கிறோம்! அது அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் என்று வைத்திருந்த தண்டனை. கி.மு. 71இல் ஸ்பார்ட்டகஸ் தலைமையில் அடிமைகள் செய்த கலகம் அடங்கிய பிறகு ஆறாயிரம் பேரை அப்பியன் சாலை நெடுகத் தொங்கவிட்டார்கள். உயிர் போவதோடு அந்தத் தண்டனை முடிவதில்லை. உடலைப் பறவைகளுக்கும் நாய்களுக்கும் விட்டுவிடுவதும் அதில் சேர்த்திதான். அழ ஒரு இடம்கூட இவனுக்கு இருக்கக் கூடாது என்பதுதான் எண்ணம்.

ஆனால் மரத்தில் தொங்கியவனின் உடல் இரவு தங்கக் கூடாது, அன்றைக்கே அடக்கம்பண்ண வேண்டும் என்கிறது மோசேயின் சட்டப் புத்தகமான உபாகமம். தூக்கிலிடப்பட்டவனுக்கும் மண் உண்டு. சிலுவையில் அறையப்பட்டவர்களைக்கூட யூதர்கள் பொழுது சாய்வதற்குள் இறக்கி அடக்கம் செய்வார்கள் என்று அந்தக் காலத்து யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார்.

1968இல் எருசலேமுக்கு வடக்கே ஒரு பழைய கல்லறையில் எலும்புப் பெட்டி ஒன்று கிடைத்தது. யெகோகானான் என்ற பெயர் அதில் செதுக்கியிருந்தது. உள்ளே ஒரு குதிகால் எலும்பு, அதில் ஒரு இரும்பு ஆணி. முனை வளைந்துபோனதால் பிடுங்க முடியாமல் ஆணியோடேயே வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தை இன்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் அந்தக் காலைக் கையில் எடுத்து, ஆணியை அசைத்துப் பார்த்து, வரவில்லை என்று அப்படியே வைத்திருக்கிறார். அம்மாவோ, அண்ணனோ.

ஏப்ரல் 16, புதன்

இன்று, இயேசுவை அடக்கம்பண்ணிய யோசேப்பு. அரிமத்தியா ஊரான், ஆலோசனைச் சங்கத்தில் ஒருவர், பணக்காரர். யூதருக்குப் பயந்து அந்தரங்கச் சீஷனாக இருந்தவர் என்று யோவான் ஒளிக்காமல் சொல்கிறார். கூட வந்த நிக்கொதேமு முன்பு இயேசுவிடம் இராத்திரியில் வந்து போனவர். மூன்று வருஷம் கூடவே நடந்தவர்கள் கலைந்துபோன பிறகு, பயந்தவர்கள் இரண்டு பேர் பகலில் வருகிறார்கள். யோசேப்பு ரோமத் தேசாதிபதி பிலாத்துவிடம் "துணிந்துபோய்" இயேசுவின் சரீரத்தைக் கேட்டான் என்கிறார் மாற்கு. உயிரோடிருந்தபோது வராத துணிவு, இனி கேட்டு ஒரு பலனும் இல்லை என்ற நேரத்தில் வந்திருக்கிறது.

இன்னொன்று. அன்று விடியற்காலை பிரதான ஆசாரியரின் ஆட்கள் தேசாதிபதியின் அரமனைக்குள் நுழையவில்லை. தீட்டுப்பட்டால் பஸ்கா பண்டிகை விருந்து புசிக்க முடியாதே. பிரேதத்தைத் தொட்டால் ஏழு நாள் தீட்டு என்பது நியாயப்பிரமாணம். இவர்கள் இரண்டு பேரும் அவரைத் தொட்டு இறக்கினார்கள்.

உடலோடு வைத்துச் சுற்ற நிக்கொதேமு கொண்டுவந்த வாசனைப் பொருள்கள், வெள்ளைப்போளமும் கரியபோளமும், ஏறக்குறைய நூறு இராத்தல். இப்போதைய கணக்கில் 33 கிலோ வரும். நம் வீட்டுக்கு வரும் அரிசிச் சிப்பம் 25 கிலோ. அதைவிடக் கூட. பெத்தானியாவில் மரியாள் ஊற்றிய தைலம் ஒரு இராத்தல்தான், அதையே வீண் செலவு என்றார்கள். அவளுடையது உயிரோடு இருந்தவர் பாதத்தில் விழுந்தது. இவருடையது பிந்தி வந்தது. பிந்தியதால்தானோ நூறு மடங்கு?

இதை எழுதும்போது எனக்குச் சித்தப்பா முகம்தான் வருகிறது.

அப்பாவும் அவரும் பதினொரு வருஷம் பேசவில்லை. ஒரு வரப்புத் தகராறு. அப்பா படுக்கையில் இருந்த நாலு மாதமும் சித்தப்பா வாசல்படி மிதிக்கவில்லை. நான் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். குளிப்பாட்டியது சித்தப்பா என்றாள் அம்மா. விடியுமுன்னே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்க் குழி வெட்டுகிறவர்களோடு நின்று, தானும் மண்வெட்டி பிடித்தாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு இருக்கும்போது ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க வராதவருக்கு இப்போது என்ன உரிமை? அவர் என் கையைப் பிடிக்க வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இன்றுவரை அப்படியேதான்.

சரி, படுக்கிறேன். இதற்கு மேல் எழுத வரவில்லை.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

இராத்திரி திருவிருந்து. அப்பத்தைக் கையில் வாங்கும்போது, எப்போதோ ஒரு வேத பாட வகுப்பில் எங்கள் சபை ஐயர் சொன்னது ஞாபகம் வந்தது. மாற்கு சுவிசேஷத்தில் "இது என்னுடைய சரீரம்" என்ற இடத்தில் இருக்கும் கிரேக்கச் சொல் சோமா. யோசேப்பு பிலாத்துவிடம் போய்க் கேட்டதும் அதே சோமா. ஆனால் பிலாத்து கொடுத்ததைச் சொல்லும்போது, பழைய பிரதிகளில் சொல் மாறிவிடுகிறது. அங்கே ப்டோமா, அதாவது பிணம். தேசாதிபதிக்கு அது அப்புறப்படுத்த வேண்டிய பிணம். யோசேப்புக்கு அது அவருடைய சரீரம். மேல்வீட்டறையில் அந்தக் கடைசிப் பந்தியில் இல்லாத மனிதர் மறுநாள் சாயங்காலம் அதே சரீரத்தை இரண்டு கையிலும் வாங்கினார்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

பன்னிரண்டிலிருந்து மூன்று வரை ஆராதனை. சிலுவையில் அவர் சொன்ன ஏழு வார்த்தைகளும் முடிந்து கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது. நான் கொஞ்ச நேரம் பெஞ்சிலேயே இருந்தேன். மூன்று மணிக்கு மேலே நடந்ததை நாம் தியானிப்பதே இல்லை. மூன்றிலிருந்து பொழுது சாயும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை, ஒன்றும் செய்யவில்லை. குஷ்டரோகியைத் தொட்டவர், சீஷர்களின் காலைக் கழுவியவர், இப்போது மற்றவர்கள் கழுவவும் சுற்றவும் தூக்கவும் கிடக்கிறார். பிள்ளையாகப் பிறந்தபோது துணியில் சுற்றி முன்னணையில் வைத்தார்கள், இப்போது துணியில் சுற்றிப் பாறையில் வைக்கிறார்கள். தேவன் இவ்வளவு தூரம் நம் கையில் தம்மைக் கொடுத்தார். யார் கை சுத்தம், யார் முந்தி வந்தான் என்று பார்க்காமல் கொடுத்தார். அதுதான் என்னை உடைத்தது.

மத்தேயுவில் ஒரு வரி உண்டு. கல்லைப் புரட்டி வைத்துவிட்டு யோசேப்பு போய்விடுகிறார். மகதலேனா மரியாளும் மற்ற மரியாளும் கல்லறைக்கு எதிராக உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவுதான். அழுதார்கள் என்றுகூட இல்லை.

ஏப்ரல் 19, சனிக்கிழமை

ஒன்றும் நடக்காத நாள். சுவிசேஷங்களில் மத்தேயு மட்டும் அன்று காவல் வைத்ததைச் சொல்கிறார். ஸ்திரீகள் உடலுக்கு இடும் கந்தவர்க்கத்தை ஆயத்தம்பண்ணி வைத்துவிட்டு, ஓய்வுநாள் கட்டளையின்படி ஓய்ந்திருந்தார்கள் என்கிறார் லூக்கா. செய்ய வேண்டியது பாதியில் நிற்க, கையைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க இருப்பது எவ்வளவு கஷ்டம்!

சாயங்காலம் சித்தப்பாவுக்குப் போன் பண்ணினேன். மூன்றாவது மணியில் எடுத்தார். நான்தான் என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசவில்லை.

"அப்பாவைக் குளிப்பாட்டும்போது நான் இல்லை. என்னவெல்லாம் பண்ணினீங்கன்னு சொல்லுங்க சித்தப்பா" என்றேன்.

மெதுவாகச் சொன்னார். வெந்நீர் வைத்தது, முகம் மழித்தது, இடது கை மடங்காமல் இருந்ததைத் தடவித் தடவிச் சரி பண்ணியது, நான் பொங்கலுக்கு எடுத்துக் கொடுத்த வேட்டியைத் தேடிக் கட்டிவிட்டது. குரல் இரண்டு இடத்தில் நின்றது. நான் குறுக்கே பேசவில்லை.

கடைசியில், "காலையில ஆராதனை எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"நாலரைக்கு. முடிஞ்சதும் தோட்டத்துக்குப் போறேன்."

"குழி ஒரு பக்கம் இறங்கியிருக்கு. ரெண்டு சட்டி மண் போடணும். மண்வெட்டி நான் எடுத்துட்டு வர்றேன்" என்றார்.