அப்பா அட்மின் என்றால்

வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் நான் சொன்ன ‘ஓம்’ சரியா என்று இன்னமும் யோசிக்கிறேன்.

வீடு வீடாகப் போய்க் கொம்பியூட்டர் பார்க்கிற எனக்கு அது வழக்கமான வேலைதான். ஒரே கொம்பியூட்டர், அப்பாவுக்கும் ஏ.எல். படிக்கும் மகளுக்கும் தனித்தனி எக்கவுண்ட். இரண்டுமே அட்மினிஸ்ட்ரேட்டர், அதாவது மெஷினில் எல்லா அதிகாரமும் உள்ளவை. கண்டதையும் இறக்கிப் போடுகிறாள், மெஷின் இழுக்கிறது, அவளுடையதை ஸ்டாண்டர்டாக, அதாவது அதிகாரம் குறைந்ததாக, மாற்றிவிடும் என்றார் அப்பா. மாற்றினேன். இனி பெரும்பாலான மென்பொருள்களைப் போட அவருடைய பாஸ்வேர்ட் வேண்டும். அவரையும் அன்றாட வேலைக்கு ஸ்டாண்டர்டில் இருக்கச் சொன்னேன். மென்பொருள் போடும்போது எழும்புகிற, 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்த அந்த அனுமதிப் பெட்டி அட்மினிடம் வெறும் ‘யெஸ்’ தான் கேட்கும், வாசிக்காமல் அமத்திவிடுவார்கள். “ஒவ்வொருக்காவும் பாஸ்வேர்ட் அடிக்கேலாது தம்பி” என்றார். சரி, அவர் வீடு.

அப்போதுதான் மகள் கேட்டாள்: “அப்பா அட்மின் எண்டா, என்ர ஃபோல்டரைத் திறந்து பார்க்கலாமா அண்ணா?”

“ஓம், பார்க்கலாம்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. அனுமதி இல்லை என்று முதலில் காட்டும், ‘கன்டினியூ’வை அமத்தினால் திறந்துவிடும், ஒருமுறை அமத்தினால் அந்த அனுமதி நிரந்தரமாகப் பதிந்துவிடும், அவள் தன் எக்கவுண்டுக்குப் பாஸ்வேர்ட் போட்டிருந்தாலும் அது இதைத் தடுக்காது என்று எல்லாவற்றையும் விளக்கினேன்.

“அப்பிடியோ? எனக்குத் தெரியாதே” என்றார் அப்பா.

அவள் பிறகு ஒன்றும் பேசவில்லை.

கேட்டவளிடம் பொய் சொல்ல முடியுமா? பார்க்க முடியாது என்றிருந்தால் அவள் அதை நம்பி எதையாவது வைத்திருப்பாள். அது இதைவிட மோசம். ஆனால் அவளுக்குச் சொன்ன பதிலால் பலன் பெற்றவர் அவர். அந்த மனிதர் எட்டிப் பார்க்கிற ஆளாகவும் தெரியவில்லை. ஒருவேளை இன்றுவரை திறந்திருக்கவே மாட்டார். அது எனக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்றும் உறுத்துகிறது. நான் போவதற்கு முன்பு இருவருமே அட்மின். அவர் அவளுடையதைத் திறந்திருக்கலாம், அவளும் அவருடையதைத் திறந்திருக்கலாம். இருவருக்கும் அது தெரியாததால் வீடு அமைதியாக இருந்தது. நான் மாற்றிய பிறகு வழி ஒரு பக்கம் மட்டும்தான். இதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கோப்புகளைச் சுருக்கிக் கட்டிவைக்கிற செவன்-ஜிப் என்ற மென்பொருளில் பாஸ்வேர்ட் போட்டு மூடிவைத்தால், பாஸ்வேர்ட் தெரியாத அட்மினாலும் உள்ளே இருப்பதைத் திறக்க முடியாது. அந்த நேரம் அது நினைவில் இருந்தது. என்னைக் கூப்பிட்டவர், காசு தரப்போகிறவர் பக்கத்தில் நிற்க, அவருடைய பிள்ளைக்கு ஒளிக்கக் கற்றுக்கொடுப்பது என் வேலையில்லை என்று விட்டுவிட்டேன். அவளுக்குப் பதினெட்டு இருக்கும். அந்த வயதில் என் கொப்பிகளை யாராவது புரட்டினாலே எனக்குக் கோபம் வரும்.

கேட்டால் மட்டும் சொல்வது, அதையும் கேட்டவரிடம் தனியாகச் சொல்வது என்று அதன் பிறகு முடிவெடுத்தேன். ஆனால் போன கிழமை தெகிவளையில் ஒரு வீட்டில், எக்கவுண்ட் பிரித்துக்கொண்டிருக்கும்போதே, குடும்பம் முழுக்க இருக்க, யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தேன். அங்கே எல்லோரும் சிரித்தார்கள்.