டேபிள் சா விற்பனைக்கு: முழுதாகவும் உதிரியாகவும்

மாடி வீட்டுக்கு மாறுகிறோம், பட்டறைக்கு இடமில்லை. அதனால் என் 10 அங்குல டேபிள் சாவை, அதாவது மேசையில் வட்ட பிளேடு பொருத்திய மரம் அறுக்கும் இயந்திரத்தைக் கொடுக்கிறேன். மதுரையில் நேரில் வந்து, மரம் அறுத்துப் பார்த்தே வாங்கலாம்.

வாங்கியபோது கார்பன் பிரஷ் மோட்டார், காதைக் கிழிக்கும். அதை எடுத்துவிட்டு 2 எச்பி இண்டக்‌ஷன் மோட்டாரை பெல்ட்டில் மாட்டினேன். இப்போது ஓடும்போது மேசையில் ஒரு ரூபாய் நாணயத்தை விளிம்பில் நிறுத்தினால் நிற்கும். பலகையை ஒட்டி நேராகத் தள்ளுவதற்கான கைடு நானே இரும்புச் சதுரக் குழாயில் செய்தது. பிளேடுக்கு முன்னும் பின்னும் ஒரே அளவு காட்டும் வரை மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். பிளேடு இரண்டு: நீளவாக்கில் அறுக்க 24 பல், பிளைவுட்டுக்கு 60 பல்.

முழுதாக 32,000 ரூபாய். இரண்டு வாரம் பார்ப்பேன், அப்புறம் மோட்டார், கைடு, பிளேடு எல்லாம் தனித்தனியாகவும் தருவேன்.

பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகட்டை மட்டும் தனியாகக் கேட்காதீர்கள். அறுத்த மரம் கூடி பிளேடைக் கவ்வினால் பலகை நம்மேல் பாயும். அதைத் தடுப்பது அந்தத் தகடுதான். மேசையை எடுப்பவருக்கே அது.

வேண்டுபவர்கள் உள்பெட்டியில் வாருங்கள்.