அப்பாவுக்கு ஆபரேஷன்

அப்பாவுக்கு 76 வயசு, போன வருஷம்தான் ஹார்ட்ல ஸ்டென்ட் (ரத்தக்குழாய் அடைக்காம திறந்து வைக்கிற சின்ன வலைக்குழாய்) வச்சது, இப்போ ஹெர்னியாவுக்கு ஆபரேஷன் பண்ணணும்னு சொன்னதும் எங்க எல்லாருக்கும் வயித்துல புளியக் கரைச்ச மாதிரி ஆயிடுச்சு. மயக்க மருந்து டாக்டர் முதல்ல கேட்டது "ரெண்டு மாடி நிக்காம ஏறுவீங்களா?" அதுலயே இதயம் எவ்ளோ தாங்கும்னு ஓரளவு தெரிஞ்சிடுமாம். அப்பா "ஓ ஏறுவேனே"ன்னாரு, அம்மா பின்னாடி நின்னு இல்லன்னு தலையாட்டினாங்க. உடனே டாக்டர் எக்கோ (ஹார்ட் ஸ்கேன்) எழுதிட்டாங்க.

ஒண்ணு சொல்லணும். ஆபரேஷன் வருதுன்னு ரத்தம் உறையாம இருக்க குடுக்குற மாத்திரைய தயவுசெஞ்சு நீங்களா நிறுத்தாதீங்க, ஸ்டென்ட் வச்ச புதுசுல நிறுத்தினா அதுக்குள்ளயே ரத்தம் கட்டி அட்டாக் வந்துடலாம், அதனாலதான் அவசரமில்லாத ஆபரேஷன பொதுவா 6 மாசம், அட்டாக் வந்து வச்ச ஸ்டென்ட்னா 1 வருஷம் வரைக்கும் தள்ளிப்போடச் சொல்றாங்க. பீட்டா பிளாக்கரையும் (இதயத் துடிப்பக் குறைக்கிற மாத்திரை) திடீர்னு விடக்கூடாது.

ஆனா இடுப்பு எலும்பு உடைஞ்சா கதையே வேற. ஹார்ட் வீக்னு பயந்து தள்ளிப்போட்டா படுக்கையிலயே நிமோனியா, ரத்தக்கட்டுன்னு வந்துடும், முடிஞ்சா 1, 2 நாள்லயே பண்ணிடறதுதான் நல்லது.

அப்பாவோட மாத்திரை அட்டை ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்து வச்சிருக்கேன். வியாழக்கிழமை ஆபரேஷன். வேண்டிக்கோங்க.