சாட்சி சொல்லச் சொன்னார்கள், நான் கோயில் பார்க்கப் போனேன்

எங்கள் ஜெபக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் நடக்கும். இருபது முப்பது பேர் வருவோம். கட்டட வேலைக்காரர்கள், கப்பல் பட்டறைக்காரர்கள், வீட்டு வேலை செய்கிற அக்காமார் நாலைந்து பேர். பாட்டு, ஜெபம், செய்தி, நடுவில் யாராவது ஒருத்தர் சாட்சி (ஆண்டவர் தனக்குச் செய்ததை எழுந்து நின்று சொல்வது), கடைசியில் சோற்றுப் பொட்டலம். போன மாதம் ஒரு நாள் பொட்டலத்தைக் கையில் கொடுக்கும்போதே கூட்டம் நடத்துகிற அண்ணன் சொல்லிவிட்டார், "தம்பி, அடுத்த வாரம் நீங்கதான் சாட்சி." வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த ஆளுக்குப் பொட்டலம் கொடுக்கப் போய்விட்டார்.

எனக்குத் திக்கென்று ஆகிவிட்டது. நான் பேசுகிற ஆள் இல்லை, பூச்சு வேலைக் கொத்தனார், இப்போது நாலு பேரை மேய்க்கிற சூப்பர்வைசர், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய பிரச்சினை, என்னிடம் சாட்சி இல்லை. எங்கள் கூட்டத்தில் சாட்சி என்றால் கட்டி கரைந்திருக்கும், டாக்டர் கைவிட்ட பிள்ளை எழுந்து நடந்திருக்கும், கேன்சலாக வேண்டிய வேலை பெர்மிட் கடைசி நாளில் புதுப்பித்து வந்திருக்கும். எதையும் நான் சந்தேகப்படவில்லை, அழுதுகொண்டே சொல்கிறவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள். ஆனால் நான் கேட்டது எனக்குக் கிடைக்கவில்லையே, அதை எழுந்து நின்று எப்படிச் சொல்வது? தேவனுடைய வல்லமை என்று ஆரம்பித்து, அப்பா செத்துப்போனார் என்று முடித்தால் யார் ஸ்தோத்திரம் சொல்வார்கள்?

சரி, ஞாயிறு காலையிலேயே கிளம்பி எங்காவது அமைதியாக உட்கார்ந்து யோசிப்போம் என்று ஜூ கூனில் ரயில் ஏறினேன். ஒரே ரயில், மாற வேண்டியதில்லை, சிட்டி ஹாலில் இறங்கி வெளியே வந்தால் எதிரே பச்சைப் புல்லுக்கு நடுவில் வெள்ளையாக நிற்கிறது செயிண்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம். பதினாலு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், அந்தக் கோயிலைப் பேருந்து ஜன்னலிலிருந்து மட்டும்தான் பார்த்திருக்கிறேன். வெள்ளைக்காரத் துரைமார் கோயில், நமக்கு அங்கே என்ன வேலை என்று ஒரு எண்ணம். (சாத்தான்குளம் பக்கத்து சிஎஸ்ஐ சபை ஆட்களுக்கு ஊர்க் கோயிலைத் தவிர எந்தக் கோயிலும் கோயில் மாதிரித் தெரியாது, அது வேறு கதை.)

போனதுக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் சைட்டில் வேலை பார்த்த இன்ஜினியர் ஒருத்தர், தமிழர்தான், ஒரு தடவை நான் தேய்த்துக்கொண்டிருந்த சுவரைப் பார்த்துவிட்டு, "ஆண்ட்ரூஸ் கோயில் சுவரைப் போய்ப் பாருங்க, அது நம்ம ஆளுங்க பூசினது" என்றார். நம்ம ஆளுங்க என்றால் கைதிகள். இந்தியாவிலிருந்து கப்பலில் இங்கே நாடு கடத்தப்பட்டவர்கள், மதராஸ், வங்காளம், பம்பாய் எல்லாப் பக்கத்திலிருந்தும். 1825ல், ஏற்கெனவே சுமத்ரா தீவின் பென்கூலனில் வைத்திருந்த கைதிகளில் முதல் கூட்டம் இங்கே வந்தது. ரோடு போட்டது, பாலம் கட்டியது, காடு வெட்டியது எல்லாம் அவர்கள்தான். இந்தக் கோயிலுக்கு 1856ல் அடிக்கல், 1861ல் முதல் ஆராதனை, 1862ல் பிரதிஷ்டை. வரைபடம் போட்டவர் ரொனால்ட் மாக்பெர்சன் என்ற ராணுவ இன்ஜினியர், கைதிகளுக்குக் கண்காணிப்பாளரும் அவரே. கூலி ஆள் தேடி அலைய வேண்டியதில்லை பாருங்கள்.

உள்ளே போய் நான் முதலில் செய்தது ஜெபம் இல்லை. ஒரு தூணில் கை வைத்துத் தடவினேன். தொழில் புத்தி.

பூச்சுக்கு அவர்கள் போட்டது மெட்ராஸ் சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, முரட்டுச் சர்க்கரை மூன்றையும் அடித்து விழுதாக்கி, தேங்காய் மட்டை ஊறின தண்ணீரை விட்டுக் கலந்து பூசுவது. காய்ந்த பிறகு வழவழப்பான கல்லை வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவது. நம் பக்கம் செட்டிநாட்டு வீடுகளில் பார்த்திருப்பீர்கள், கண்ணாடி மாதிரி இருக்கும் அந்தச் சுவர். இன்றைக்கு மூட்டையைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றினால் பூச்சு ரெடி, நாங்கள் ஒரு நாளில் முடிக்கிற பரப்பு அவர்களுக்கு எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன், முடியவில்லை. ஒரு கோயில் முழுக்க என்றால் எத்தனை முட்டை உடைத்திருப்பார்கள்? அந்த முட்டையில் ஒன்றாவது அவர்கள் தட்டுக்கு வந்திருக்குமா?

முன் வரிசையில் உட்கார மனசு வரவில்லை. பின்னால், கதவுக்குப் பக்கம் உட்கார்ந்தேன்.

இந்த இடத்தில் இதற்கு முன்னால் ஒரு கோயில் இருந்தது. 1835ல் கோல்மன் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து தொடங்கினது. பின்னால் அதற்கு ஒரு கோபுரம் வைத்தார்கள், 1845ல் ஒரு தடவை, 1849ல் ஒரு தடவை என்று ரெண்டு முறை இடி விழுந்தது, ஆபத்தான கட்டடம் என்று மூடி, அப்புறம் இடித்துவிட்டார்கள். ஆண்டவர் வீட்டிலேயே இடி விழுந்திருக்கிறது! எங்கள் ஊராக இருந்தால் முதல் இடிக்கே சபை ரெண்டாகப் பிரிந்திருக்கும், எந்தக் கமிட்டி செய்த பாவத்துக்கு இடி விழுந்தது என்று இன்றுவரை கேஸ் நடந்துகொண்டிருக்கும். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் வல்லமை என்றதும் எனக்கும் இடி மின்னல்தானே ஞாபகம் வருகிறது, நானும் அதைத்தானே கேட்டேன்.

2020ல் அப்பா படுத்தார். ஏப்ரல் மாதத்திலிருந்து, வேலைக்காரர்கள் நாங்கள் தங்குகிற டார்மிட்டரி கொரோனாவால் அடைப்பு. பன்னிரண்டு பேர் ஒரு ரூமில், வாசலைத் தாண்டக் கூடாது, சாப்பாடு பொட்டலமாக வரும், மூக்கில் குச்சி விட்டு டெஸ்ட் எடுப்பார்கள். மே மாதம் அப்பாவுக்கு மூச்சுத் திணறல் என்று போன் வந்தது. கொரோனா இல்லை, ரொம்ப நாளாக இருந்த நெஞ்சு வியாதிதான், ஆனால் அந்தச் சமயத்தில் எந்த ஆஸ்பத்திரியும் சட்டென்று சேர்த்துக்கொள்ளவில்லை. நான் மேல்கட்டிலில் போர்வையை மூடிக்கொண்டு மூன்று நாள் உபவாசம் இருந்து கேட்டேன். ஒன்றே ஒன்றுதான், நான் போகிற வரைக்கும் வைத்திரும் ஆண்டவரே. நாலாம் நாள் காலையில் அப்பா போய்விட்டார். விமானம் கிடையாது. போயிருந்தாலும் அடக்கத்துக்கு இருபது பேருக்கு மேல் கூடாது என்று அங்கே சட்டம். கல்லறையிலிருந்து தம்பி வீடியோ கால் போட்டான். படம் நின்று நின்று வந்தது, சத்தம் வரவே இல்லை. எங்கள் உபதேசியார் முகக்கவசத்தோடு நிற்கிறார், அம்மா தலையில் முக்காடு, குழி, மண். பாட்டு இல்லாமல் என் அப்பாவைப் புதைத்தார்கள். ஊரில் யார் வீட்டு அடக்கம் என்றாலும் முதல் ஆளாகப் பாமாலைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகிறவர் அவர்.

என் கை நடுங்கினதில் போன் நழுவப் பார்த்தது. கீழ்க்கட்டில் புதுக்கோட்டைக்காரர்தான் வாங்கிப் பிடித்துக்கொண்டார். முருக பக்தர், கட்டில் தலைமாட்டில் வேல் படம் ஒட்டி வைத்திருப்பார். முடிகிற வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றார், ராத்திரி முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ரெண்டு மணிக்குக் கெட்டிலில் தண்ணீர் சுடவைத்து டீ போட்டுக் கொடுத்தார். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஒரு வருஷம் நான் ஜெபிக்கவில்லை. வேதபுத்தகத்தைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன். திரும்ப எப்போது எடுத்தேன் என்று கேட்டால் தேதி சொல்லத் தெரியாது, சைட்டில் ஒரு நாள் மதியம் சும்மா இருக்கும்போது வாய் பாட்டுக்கு ஒரு கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டிருந்தது, அப்படித்தான்.

1942 பிப்ரவரியில், சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுவதற்கு முந்தின நாட்களில், இந்தக் கோயிலை அவசர ஆஸ்பத்திரியாக ஆக்கியிருந்தார்கள். நான் உட்கார்ந்திருந்த இடத்தில்கூட யாராவது அடிபட்டுக் கிடந்திருப்பார்கள். ஊர் விழக் கூடாது என்று அந்த நாட்களில் இதற்குள்ளே ஜெபிக்காதவர் இருந்திருக்க முடியாது. பிப்ரவரி 15ஆம் தேதி ஊர் விழுந்தது. கேட்டது கிடைக்காத ஜெபங்கள் இந்தச் சுவருக்குப் புதுசு இல்லை என்று தோன்றியது, அதில் எனக்கு ஏதோ ஒரு நிம்மதி. வேதத்தில் அப்போஸ்தலர் பவுல்கூடத் தன் மாம்சத்தில் குத்தின முள்ளை எடுத்துவிடும் என்று மூன்று தரம் கேட்டார். எடுக்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்றுதான் பதில் வந்தது. சின்ன வயசில் ஞாயிறு பள்ளியில் இந்த வசனத்தை ஒப்பித்துப் பரிசு வாங்கியிருக்கிறேன், ஒரு டிபன் பாக்ஸ். பரிசு ஞாபகம் இருந்த அளவுக்கு வசனம் ஞாபகம் இல்லை.

வெளியே வந்து தேக்காவுக்கு நடந்தேன். வழியில் பிராஸ் பசா ரோடு. அந்தப் பக்கம்தான் கைதிகளின் சிறை இருந்ததாம். சாயங்காலம் கையில் சுண்ணாம்புக் கறையோடு இந்தத் தூரத்தைத்தான் நடந்து திரும்பியிருப்பார்கள். சுண்ணாம்பு கையைப் புண்ணாக்கிவிடும், எனக்குத் தெரியும். அதில் எத்தனை பேருக்கு அந்தக் கோயிலுக்குள் கும்பிடுகிற சாமி யாரென்று தெரிந்திருக்கும்?

அப்புறம் கொஞ்சம் சுற்றி ஒபீர் ரோட்டுக்குப் போனேன், லூர்து மாதா ஆலயம். 1888ல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்று எழும்பின கோயில். மாதா சுரூபத்துக்கு முன்னால் ஒரு பாட்டி மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு, தன் மகன் பரீட்சையில் பாஸ் செய்தது, வேலைக்குப் போனது, மருமகள் சரியில்லாதது எல்லாவற்றையும் சத்தமாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுக்குச் சுரூபம் பழக்கமில்லை, ஆனால் அந்தப் பாட்டி சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. ஜோடனையே இல்லை. நடந்ததை நடந்தபடி.

ஆறு மணிக்குக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். எழுதி வைத்த காகிதம் சட்டைப் பையில் இருந்தது, எடுக்கவில்லை. மேல்கட்டில், மூன்று நாள் உபவாசம், சத்தமில்லாத வீடியோ, பாட்டில்லாத அடக்கம், போனைப் பிடித்துக்கொண்டு நின்ற புதுக்கோட்டைக்காரர், ரெண்டு மணி டீ, ஒரு வருஷம் பெட்டிக்கு அடியில் கிடந்த வேதபுத்தகம். இவ்வளவுதான் சொன்னேன். ஆண்டவர் எனக்கு என்ன செய்தார் என்று கேட்டால், நான் அவரை விட்ட பிறகும் அவர் என்னை விடவில்லை, அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் வீட்டு வேலை செய்கிற அக்கா ஒருத்தர், எங்கள் கூட்டத்தில் வாயே திறக்காதவர், தன் அம்மாவின் பெயரைச் சொல்லி அழ ஆரம்பித்தார்.

பிசாசு பிடித்திருந்து சுகமான மனுஷன் இயேசுவோடு படகில் வருகிறேன் என்றபோது, நீ உன் வீட்டுக்குப் போய் உன் ஆட்களிடம் சொல் என்றுதானே அவர் அனுப்பிவிட்டார். ரூமுக்குப் போகிற ரயிலில் அது ஞாபகம் வந்தது. அம்மாவிடம் இதையெல்லாம் நான் பேசினதே இல்லை. பக்கத்து சீட் காலியானதும், கூட்டத்தில் சொன்னதையே திரும்பச் சொல்லி வாய்ஸ் மெசேஜாக அனுப்பினேன்.

அம்மா உடனே கூப்பிட்டாள். "எய்யா, யாருல சொன்னா பாடலைன்னு? உபதேசியார் ஆரம்பிச்சாரு, நாங்க எல்லாரும் பாடுனோம். முகத்துல துணியக் கட்டிக்கிட்டு மூணு பாட்டு. ஒனக்குக் கேக்கட்டும்னுதாம்ல தம்பி போன கிட்டக் கிட்டக் கொண்டுவந்தான்."

அஞ்சு வருஷம். ஜூ கூன் வந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். எந்தெந்தப் பாட்டு என்று கேட்டேன். அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள், மூன்றாவதற்கு வரி மறந்துபோய், போனிலேயே பாடிப் பார்த்துக் கண்டுபிடித்தாள்.