டோக்கன் கிடைத்தும் 401

கிண்டியில் எங்கள் அலுவலக சர்வரில் திங்கள்தோறும் காலை ஆறு மணிக்கு ஒரு பவர்ஷெல் (விண்டோஸின் கட்டளை மொழி) ஸ்கிரிப்ட் ஓடும். மைக்ரோசாஃப்டின் கோப்புப் பகிர்வுச் சேவையான ஷேர்பாயிண்டில் எந்தெந்தத் தளங்கள் வெளியாட்களுக்குத் திறந்திருக்கின்றன என்று பட்டியல் எடுத்து மெயில் அனுப்பும். அது உள்நுழைய நம்பியிருந்த, பிஎன்பி என்ற பயனர் சமூகத்தின் பொதுச் செயலி 2024 செப்டம்பர் 9 அன்று நீக்கப்பட்டது. அடுத்த ஓட்டத்தில் 700016 என்ற பிழை எண். அப்படி ஒரு செயலியே இல்லை என்று அர்த்தம்.

சரி, மைக்ரோசாஃப்டின் கணக்கு மேலாண்மைச் சேவையான என்ட்ராவில் எங்களுக்கென்று ஒரு செயலியைப் பதிவு செய்து, கிளையன்ட் சீக்ரெட் (செயலிக்கான கடவுச்சொல்) போட்டு, அட்மின் ஒப்புதலும் வாங்கினேன். டோக்கன், அதாவது தற்காலிக நுழைவுச்சீட்டு, வந்தது. ஆனால் தளத்தைக் கேட்டால் 401, அதாவது உன் அடையாளத்தை ஏற்கவில்லை என்ற பதில். இரண்டு நாள் சீக்ரெட்டை மாற்றி மாற்றிப் பார்த்தேன். டோக்கன் கைக்கு வந்தபின் சீக்ரெட்டைச் சந்தேகிப்பதில் பொருளே இல்லை. அது அப்போது உறைக்கவில்லை.

பக்கத்து இருக்கைப் பெண்தான் கேட்டாள்: "அண்ணா, டோக்கனுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்தீங்களா?"

டோக்கனில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள பகுதியை பவர்ஷெல்லிலேயே பிரித்தோம். (முன்பின் தெரியாத இணையதளத்தில் ஒட்டாதீர்கள். காலாவதியாகும்வரை அது சாவிதான்.) ரோல்ஸ் வரியில் முழு அனுமதி சரியாகவே இருந்தது. 'ஏசிஆர்' என்று முடியும் வரியில் மட்டும் 1. சீக்ரெட் கொடுத்து வாங்கிய டோக்கன் என்று பொருள். சீக்ரெட்டுக்குப் பதில் டிஜிட்டல் சான்றிதழ் (பொதுச்சாவி, தனிச்சாவி ஜோடி) கொடுத்திருந்தால் 2 இருக்கும். மைக்ரோசாஃப்டின் பொதுவான கிராஃப் ஏபிஐ (நிரல்கள் சேவையோடு பேசும் வழி) சீக்ரெட்டை ஏற்கும். ஷேர்பாயிண்டின் சொந்த ஏபிஐ, ஆள் இல்லாமல் ஓடும் செயலியிடம் சான்றிதழ்தான் கேட்கும். என் கோளாறு அங்கேதான்.

சுயசான்றிதழ் (நாமே கையொப்பமிட்டுக்கொள்ளும் சான்றிதழ்) உருவாக்கிப் பொதுச்சாவியைச் செயலியில் ஏற்றினேன். கையால் ஓட்டியபோது ஓடியது. குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டதும் 'கீசெட் இல்லை', அதாவது சாவி கிடைக்கவில்லை, என்றது. சான்றிதழ் என் பயனர் கணக்கில் கிடந்தது. டாஸ்க் ஓடுவதோ சர்வீஸ் கணக்கில். தனிச்சாவியோடு அதை லோக்கல் மெஷின் என்ற, கணினி முழுமைக்குமான சேமிப்பிடத்துக்கு மாற்றி, அந்தச் சாவியைப் படிக்கும் உரிமையை சர்வீஸ் கணக்குக்குக் கொடுத்தேன்.

அடுத்த திங்கள், வேளச்சேரியில் ரயில் ஏறும்போதே பட்டியல் போனுக்கு வந்துவிட்டது. சுயசான்றிதழுக்கு ஆயுள், உருவாக்கும்போது நாம் வேறு காலம் குறிப்பிடாவிட்டால், ஒரு வருடம். முடிவதற்கு ஒரு மாதம் முன்பே காலண்டரில் நினைவூட்டல் போட்டு, அந்தப் பெண்ணையும் அதில் சேர்த்திருக்கிறேன்.