நிசிரோஸ்: எரிமலைக்குள் இறங்கி நடக்க ஒரு தீவு

கிரேக்கத்தின் நிசிரோஸுக்கு விமான நிலையம் கிடையாது. கோஸ் தீவில் இறங்கி, கர்தமேனா துறைமுகத்திலிருந்து படகு பிடித்தால் சுமார் ஒரு மணி நேரத்தில் நிசிரோஸின் துறைமுக ஊரான மந்திராக்கி வந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் மெல்தெமி என்ற வடகாற்று வலுத்தால் சிறு படகுகள் நின்றுபோகும். அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே கோஸுக்கு வந்துவிடுவது நல்லது.

பெரும்பாலோர் காலையில் வந்து மாலையில் போய்விடுகிறார்கள். ஸ்தெஃபானோஸ் எரிமலைவாய்க்கு இது மிக மோசமான நேரம்: தலைக்கு மேல் வெயில், காலடியில் கொதிக்கும் மண், நிழலே இல்லை. ஓர் இரவு தங்கி, சுற்றுலாப் பேருந்துகள் வரும் முன் போய்விடுங்கள். சுமார் 27 மீட்டர் பள்ளம். பாதை சறுக்கும், செருப்பு வேண்டாம், தடித்த அடிப்பாகமுள்ள ஷூ போடுங்கள். தரையில் உள்ள துளைகளில் ஏறக்குறைய 100 டிகிரியில் ஆவி சீறும். வேலி போட்ட இடங்களில் மேலோடு மெல்லியது, கால் உள்ளே போகும். வெள்ளி நகையைக் கழற்றி வைத்துவிடுங்கள்; அழுகிய முட்டை நாற்றம் தரும் அதே ஹைட்ரஜன் சல்ஃபைடு அதைக் கறுக்க வைக்கும்.

பிறகு எரிமலையின் பெரும்பள்ளத்து (கால்டெரா) விளிம்பிலுள்ள நிக்கியா, எம்போரியோஸ் கிராமங்கள். எம்போரியோஸின் நுழைவாயிலில் ஒரு சிறு குகை, இயற்கையான நீராவிக் குளியல். கட்டணம் இல்லை, ஐந்து நிமிடம் தாங்கினாலே பெரிது! இறங்கி வந்ததும் சூமாதா கேளுங்கள்: பாதாம் சாறில் தண்ணீர் கலந்த உள்ளூர் பானம்.